போர்க்களத்தில் மூட்டம், விதியில் வெளிச்சம்

சீனச் சதுரங்கமான ஷியாங்ச்சியில் பழைய விதி ஒன்று உண்டு. இரு தரப்புத் தளபதிக் காய்களும் ஒரே நெடுங்கோட்டில், நடுவே வேறு காய் எதுவும் இல்லாமல், நேருக்கு நேர் நிற்கக் கூடாது. இடையில் ஒரேயொரு காய் இருந்தால் போதும். ஆனால் அந்தக் காய் அதன்பின் அந்தக் கோட்டை விட்டு விலக முடியாது. அதே ஆட்டத்தில் பீரங்கிக் காய் எதிரியை வெட்ட வேண்டுமானால் நடுவே சரியாக ஒரு காய் இருந்தாக வேண்டும். அதைத் தாண்டித்தான் அடி விழும். யார் யாருக்குத் தெரிகிறார், எது எதை மறைக்கிறது, எதைத் தாண்டி எது எட்டும் என்ற கேள்விகள் மேசை விளையாட்டுகளில் எவ்வளவு பழையவை என்பதற்கு இந்த இரண்டு விதிகளே சாட்சி. இவற்றைப் பற்றி ஆடுபவர்களிடையே தகராறு வருவதில்லை. கோடு பலகையில் வரையப்பட்டிருக்கிறது. காய் அந்தப் புள்ளியில் இருக்கிறது, அல்லது இல்லை. நம் ஆடுபுலி ஆட்டத்திலும் அப்படித்தான்: புலி எந்த ஆட்டைத் தாண்டலாம் என்பதைத் தரையில் கீறிய கோடே சொல்லிவிடுகிறது.

அந்தக் கோடுகள் அழிந்து, அவற்றின் இடத்தில் மண்மேடும் இடிந்த சுவரும் அட்டை மரங்களும் வந்து, வண்ணம் தீட்டிய சிற்றுருவ வீரர்கள் அவற்றுக்கு நடுவே நிற்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. போர் விளையாட்டுகளும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளும் ஒவ்வொரு தாக்குதலின்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. என் ஆயுதம் அங்கே எட்டுமா? என் வீரனுக்கு அவன் தெரிகிறானா? முதலாவது வீச்சு, இரண்டாவது பார்வைக் கோடு. இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் பகடை உருள வேண்டும். விடை கிடைக்காதபோது எழும் சண்டையை ஆட்டக்காரர்களின் குணக்கேடு என்று தள்ளிவிடுவது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. போரில் தெரியாமை உண்டு: எதிரி எங்கே, எவ்வளவு தொலைவில், என் குண்டு போய்ச் சேருமா என்பது எந்தப் படைவீரனுக்கும் முழுதாகத் தெரியாது. அந்த மூட்டத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவர வடிவமைப்பாளருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் விதியின் வாசகத்தில் இருக்கும் மூட்டம் வேறு வகை. களத்து மூட்டத்தை இருவரும் சமமாகச் சுமக்கிறார்கள். விதியின் மூட்டத்திலோ குரல் ஓங்கியவர் ஜெயிக்கிறார், கூச்ச சுபாவம் உள்ளவர் தோற்கிறார். பார்வைக் கோட்டு விதியையும் வீச்சு விதியையும் தெளிவாக்குவது என்பது இந்த இரண்டு மூட்டங்களையும் பிரித்து, ஒன்றைக் காப்பாற்றி மற்றதை அகற்றும் வேலை. அது நேர்மை சார்ந்த வேலை என்பதே என் வாதம்.

இந்த வேலையின் வரலாறு பிரஷ்யாவில் தொடங்குகிறது. 1812இல் கேயோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் மன்னருக்குக் காட்டிய போர் விளையாட்டை, படை அதிகாரியான அவர் மகன் திருத்தி 1824இல் நூலாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், சிவப்பும் நீலமுமாகப் படைக்கட்டைகள், ஒவ்வொரு சுற்றும் களத்தில் இரண்டு நிமிடம், சேதத்தைக் கணக்கிட அட்டவணையும் பகடையும் என்று எல்லாம் அளவோடு இருந்தன. இவற்றைவிட முக்கியமானது நடுவரின் இடம். எதிரிக்குத் தெரியாத படையை நடுவர் படத்தில் வைக்க மாட்டார். தெரிய வரும்போதுதான் கட்டை மேசைக்கு வரும். ஆட்டக்காரர் கட்டளையை எழுதிக் கொடுப்பார். குன்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இங்கே மூட்டம் மிக அடர்த்தியானது. ஆனாலும் விதியில் குழப்பம் இல்லை, ஏனென்றால் பார்வை பற்றிய முடிவு எந்தத் தரப்பிடமும் இல்லை, மூன்றாவது மனிதரிடம் இருந்தது. மேசை விளையாட்டு படைமுகாமை விட்டு வீடுகளுக்கு வந்தபோது தொலைந்துபோனது அந்த மூன்றாவது மனிதர்தான். இருவர் மட்டும் எதிரெதிரே அமரும் மேசையில் நடுவரின் நாற்காலி காலி. அந்த நாற்காலியில் விதி உட்கார வேண்டியிருக்கிறது.

வீட்டு மேசைக்கு வந்த முதல் தலைமுறை இந்தப் பிரச்சினையை விதியால் தீர்க்கவில்லை, பொருள்களிடமே விட்டுவிட்டது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சின்ன மரத்துண்டைச் சுட வேண்டும். எந்த ஈய வீரன் விழுகிறானோ அவன் செத்தான். மறைவு இருந்தால் மரத்துண்டு மறைவில் படும். தொலைவு அதிகமென்றால் வந்து சேராது. பார்வைக்கும் வீச்சுக்கும் தனியாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளெட்சர் பிராட் உருவாக்கி 1940இல் நூலாக்கிய கடற்போர் விளையாட்டில் கப்பல் மாதிரிகள் தரையில் நகரும், சுடுபவர் திசையைக் குறித்து, தொலைவை இத்தனை அங்குலம் என்று கண்மதிப்பில் எழுதிக் கொடுப்பார், பிறகுதான் அளப்பார்கள். அந்தக் காலக் கடற்போரின் உயிரே தூரத்தைக் கணிப்பதில் இருந்தது என்பதால் அங்கே அது பொருத்தம். இரண்டு ஆட்டத்திலும் ஒரு நல்ல குணத்தைக் கவனிக்கலாம். முடிவு என்ன என்று வாதிட ஆட்டக்காரருக்கு இடமில்லை. மரத்துண்டு பட்டதா இல்லையா, எழுதிய எண் சரியா தவறா என்பதை இருவரும் ஒரே சமயத்தில் ஒரே விதமாகப் பார்க்கிறார்கள். பின்னால் வந்த ஆட்டங்கள் பகடையை நம்பிப் பீரங்கியைக் கைவிட்டபோது இந்தப் பொதுச் சாட்சியத்தையும் கைவிட்டன. அதை வார்த்தைகளால் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

வார்த்தைகளால் கட்டியதில் மிகக் கறாரானது அவலான் ஹில் நிறுவனத்தின் ‘ஸ்குவாட் லீடர்’ வரிசை. ஜான் ஹில் வடிவமைத்த முதல் ஆட்டம் 1977இல் வந்தது. அதன் வளர்ச்சியான ‘அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர்’ 1985இல். இரண்டாம் உலகப் போரின் தெருச் சண்டைகள், அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட பலகையில் நடக்கின்றன. அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடரில் ஒரு கட்டம் சுமார் 40 மீட்டர். ஒவ்வொரு கட்டத்தின் மையத்திலும் ஒரு புள்ளி. சுடுபவரின் புள்ளியிலிருந்து இலக்கின் புள்ளிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிப்பார்கள். இடையில் அச்சிடப்பட்டிருக்கும் கட்டடத்தின் படத்தை அந்த நூல் கடந்தால் பார்வை இல்லை. கட்டம் கட்டடக் கட்டம் என்பதற்காக மறைப்பு இல்லை. ஓவியர் வரைந்த சுவர் எங்கே முடிகிறதோ அங்கேதான் மறைப்பும் முடிகிறது. வயல், பழத்தோட்டம், புகை போன்றவை முழுதாக மறைப்பதில்லை. சுடுவதைக் கடினமாக்கும் எண்களைப் பகடையில் கூட்டுகின்றன. இருவரும் பலகைமேல் குனிந்து, நூல் சுவரின் கறுப்பு விளிம்பை உரசுகிறதா என்று பார்க்கும் அந்த நேரத்தில் ஆட்டத்தின் முழுப் பதற்றமும் ஒரு நூலிழைக்குள் வந்துவிடுகிறது. காரணம், அதே ஆட்டத்தின் இன்னொரு விதி: சுடுகிறேன் என்று அறிவிக்கும் முன் நூலைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அறிவித்த பிறகு பார்வை இல்லையென்று தெரிந்தால், சுட்டதாகவே கணக்கு. அந்த வாய்ப்பு போய்விட்டது. என் பிரிவினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. படைவீரனுக்குத் தெரியாத விஷயம் ஆட்டக்காரருக்கும் தெரியவில்லை. ஆனால் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எதைத் தொட்டால் மறைப்பு, எப்போது பார்க்கலாம் என்பதில் துளியும் ஐயம் இல்லை. மூட்டம் களத்தில் இருக்கிறது, விதி வெளிச்சத்தில் இருக்கிறது.

வீச்சுக்கு வருவோம். தூரம் என்றால் அளந்தால் போயிற்று என்று தோன்றும். அளக்கும் அலகே முதல் சிக்கல். 1978இல் வந்த ‘அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர் கையேட்டில் தூரங்கள் அங்குலத்தில் இருந்தன. கட்டடத்துக்குள்ளும் குகைக்குள்ளும் ஓர் அங்குலம் 10 அடி. திறந்த வெளியில் 10 கெஜம். நெடுவில்லின் அதிகபட்ச வீச்சு 21 அங்குலம். அதாவது உள்ளே 210 அடி, வெளியே 630 அடி. அந்த ஒரு விளக்கத்தைக் கவனிக்காதவர் கையில் அதே வில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், அல்லது மூன்று மடங்காக நீளும். அடுத்த சிக்கல் மூலைவிட்டம். அதே விளையாட்டின் பிற்காலப் பதிப்புகளில் களம் 5 அடிச் சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்திலிருந்து குறுக்கே அடுத்த சதுரத்துக்கு உண்மையான தூரம் சுமார் 7.07 அடி. 2003இன் 3.5 பதிப்பு முதல் குறுக்கடியை 5 என்றும் அடுத்ததை 10 என்றும் மாற்றி மாற்றி எண்ணச் சொன்னது. ஆறு சதுரம் குறுக்கே போனால் கணக்கில் 45 அடி, உண்மையில் 42.4. மிக நெருக்கம். 2008இன் நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் ஒன்று என்றே எண்ணியது. அதே ஆறு சதுரம் 30 அடிதான். வெடிப்பின் வட்டம் அதனால் சதுரமாயிற்று. அறுகோணக் கட்டம் இதைவிட நியாயமானது என்றாலும் குற்றமற்றதல்ல: முனைகளின் திசையில் 1.73 கட்டத் தூரத்தை இரண்டு என்று எண்ணுகிறது. சதுரத்தில் பிழை 41 விழுக்காடு வரை போகும். அறுகோணத்தில் 15ஐச் சற்றே தாண்டும்.

இந்த எண்களைப் பார்ப்பவர், நான்காம் பதிப்பு தவறு செய்தது என்று சொல்லத் துடிப்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த விதி வடிவியலுக்கு உண்மையாக இல்லை. ஆனால் யார் எண்ணினாலும் ஒரே விடை வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் வருகிறது, பத்து வயதுக் குழந்தையும் எண்ணலாம். மேசையில் நியாயம் வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுவது இதுதான். உண்மைக்கு நெருக்கம் அதற்கு அடுத்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மகிழ்ச்சி. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் நெருக்கத்தை விடலாம், ஒருமையை விடக் கூடாது. ‘குளூம்ஹேவன்’ ஆட்டத்தில் வீச்சைக் கட்டம் கட்டமாக எண்ணும்போது சுவரின் ஊடே எண்ணக் கூடாது, சுற்றித்தான் எண்ண வேண்டும். பார்வைக்கோ, சுடுபவரின் கட்டத்தில் ஏதாவது ஒரு மூலையிலிருந்து இலக்கின் கட்டத்தில் ஏதாவது ஒரு மூலைக்குச் சுவர் தொடாத கோடு ஒன்று இருந்தால் போதும். இடையில் நிற்கும் அரக்கர்கள் மறைப்பதில்லை. உண்மைச் சண்டை இப்படி இருக்காது. ஆனால் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறது, சொன்ன பிறகு கேள்வி மிஞ்சுவதில்லை.

இதற்கு எதிரான முதல் மறுப்பு வலுவானது. சிற்றுருவங்களையும் நிலத்தோற்றத்தையும் இவ்வளவு பாடுபட்டு உருவாக்கியபின், புள்ளியும் மூலையும் எதற்கு? குனிந்து வீரனின் கண்மட்டத்திலிருந்து பார், தெரிந்தால் தெரிகிறது. கண்ணைவிடத் தெளிவான விதி உண்டா? 2008இல் ‘வார்ஹேமர் 40,000’ ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு இந்தப் பாதையில்தான் போனது. அதற்கு முந்தைய பதிப்பு நிலத்தோற்றத்துக்கும் வீரர்களுக்கும் உயர எண்கள் கொடுத்து மறைப்பைக் கணக்கிட்டது. ஐந்தாம் பதிப்பு சிற்றுருவத்தின் கண்ணிலிருந்து இலக்கின் உடல்வரை உண்மையிலேயே பார்க்கச் சொன்னது. காகிதத்தில் அழகான யோசனை. மேசையில் நடப்பதைச் சற்றே நெருங்கிப் பாருங்கள். ஒருவர் மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, இடிந்த கட்டடத்தின் ஜன்னல் வழியே பார்க்கிறார். கால் அங்குல இடைவெளியில் எதிரியின் தோள்பட்டை தெரிகிறது என்கிறார். தலையை ஒரு மயிரிழை நகர்த்தினால் தெரியவில்லை. எதிராளி நாலடி தள்ளி மறுபக்கம் நிற்கிறார். அவர் சுற்றி வந்து அதே இடத்தில் தலையை வைப்பதற்குள் முழங்கை பட்டு ஒரு பொம்மை சாய்ந்துவிடுகிறது. கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு தலையைத்தான் வைக்க முடியும். சாட்சி ஒருவர் மட்டுமே, அவரே வழக்கின் ஒரு தரப்பு. லேசர் சுட்டிகள் போர் விளையாட்டு மேசைகளுக்கு வந்தது இந்தக் குறையைப் போக்கத்தான்: புள்ளி விழும் இடத்தை இருவரும் பார்க்கலாம்.

கண்ணை நம்பும் விதிக்கு இன்னொரு நோயும் உண்டு. சிற்பி வீரனை மண்டியிட்ட நிலையில் செய்தாரா, பாறைமேல் கால் வைத்து வாளை உயர்த்திய நிலையில் செய்தாரா என்பது இப்போது போர்த்திறனாகிவிடுகிறது. ஐந்தாம் பதிப்பு இதை உணர்ந்து கொடி, சிறகு போன்றவற்றை உடல் கணக்கிலிருந்து விலக்கியது. 2017இன் எட்டாம் பதிப்பு விதிகளைச் சுருக்கும் ஆர்வத்தில் எந்தப் பகுதி தெரிந்தாலும் போதும் என்றாக்கியது; கொடியின் நுனி தெரிந்ததால் சாவு வரும் நிலை. 2020இன் ஒன்பதாம் பதிப்பு பின்வாங்கி, உயரமான இடிபாடுகளுக்கு ஒரு தனிப் பண்பைக் கொடுத்தது: ஜன்னல் வழியே மறுபக்கம் தெரிந்தாலும் அவற்றின் ஊடே பார்வைக் கோடு இல்லை. கண் தெரிகிறது என்கிறது, விதி இல்லை என்கிறது, ஆட்டக்காரர்கள் விதியை ஏற்று ஆடுகிறார்கள். ‘இன்ஃபினிட்டி’ என்னும் ஸ்பானிய ஆட்டம் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சீரான உருளை வடிவத்தை நிர்ணயித்தது. பொம்மை எந்த நிலையில் இருந்தாலும் விதிக்கு முன் அவர் அந்த உருளைதான். அழகு பொம்மைக்கு, நியாயம் உருளைக்கு. ஒரே துறையில் வெவ்வேறு கைகள் கண்ணிலிருந்து கணக்கை நோக்கி நகர்ந்திருப்பது தற்செயல் இல்லை.

தெளிவு என்றால் இருபக்கமும் எல்லாம் சமம் என்று பொருளா? நான் உன்னைப் பார்த்தால் நீயும் என்னைப் பார்க்கிறாய் என்ற பரஸ்பர விதி மிக இயல்பானது. ஆனால் மறைப்பு பரஸ்பரமாக இருக்க வேண்டியதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சதுரக் கட்டம் வைத்து ஆடுபவர்களுக்குத் தரப்பட்ட வழிமுறை இது: தாக்குபவர் தன் சதுரத்தின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, இலக்கின் சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் கோடு இழுக்கிறார். ஒன்றோ இரண்டோ தடைபட்டால் பாதி மறைப்பு, இலக்கின் கவச எண்ணில் 2 கூடும். மூன்றோ நான்கோ தடைபட்டும் அம்பு போக வழி இருந்தால் முக்கால் மறைப்பு, 5 கூடும். இப்போது சுவர் முனையை ஒட்டி ஒரு வில்லாளி நிற்கிறாள் என்று வையுங்கள். அவளுக்கு முன்னால் சாய்வாக ஒரு சதுரச் சுவர், அதற்கு அப்பால் தொலைவில் எதிரி. அவள் தன் சதுரத்தில் சுவரை விட்டு விலகிய மூலையைத் தேர்கிறாள். நான்கு கோடுகளும் தடையின்றிப் போகின்றன. எதிரி எந்த மூலையைத் தேர்ந்தாலும், சுவர்ப் பக்கம் இருக்கும் அவளுடைய இரண்டு மூலைகளுக்குப் போகும் கோடுகள் சுவரில் முட்டுகின்றன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். மறைப்பு அவளுக்கு மட்டும். மூலையில் ஒதுங்கி நின்று அம்பெய்வதன் பயன் உலகில் இதுதான். விதியும் அதையே தருகிறது. சமமின்மை இங்கே ஒரு பக்கச் சாய்வாக இல்லை. எவர் அந்த இடத்தில் நின்றாலும் அதே பலன். தெளிவான விதி வேறுபாட்டை அனுமதிக்கும். ஆளைப் பார்த்து வேறுபாடு காட்டுவதை மட்டும் அனுமதிக்காது.

இரண்டாவது மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வருகிறது. தூரத்தைக் கண்ணால் கணிப்பது ஒரு திறமை. சுடும் முன் அளக்கலாம் என்று விட்டுவிட்டால் அந்தத் திறமை செத்துவிடும். இது சும்மா ஏக்கம் இல்லை. ‘வார்ஹேமர்’ என்ற தனி ஆட்டத்தின் (40,000 அல்ல) பழைய பதிப்புகளில் பீரங்கிக்குத் தூரத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும். 2010இன் எட்டாம் பதிப்பு முன்கூட்டி அளக்க அனுமதித்தது. 2012இல் வார்ஹேமர் 40,000 ஆறாம் பதிப்பும், 2016இல் ‘வார்மெஷின்’ மூன்றாம் பதிப்பும் அதே வழிக்கு வந்தன. எதனால்? அளக்கத் தடை இருந்தபோது அளவு நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. மேசை ஆறடிக்கு நாலடி என்பது தெரியும். என் படை போன சுற்றில் ஆறு அங்குலம் நகர்ந்தது தெரியும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை எத்தனை அங்குலம் என்பதும் தெரியும். அனுமதிக்கப்பட்ட வேறு ஓர் அளவையை எடுக்கும் சாக்கில் அளக்கத் தடுக்கப்பட்டதையும் கண்டுகொள்ளலாம். பிராட்டின் கடற்போரில் கணிப்பே ஆட்டத்தின் பொருள். அங்கே தடைக்கு அர்த்தம் உண்டு. மற்ற ஆட்டங்களில் அந்தத் தடை தச்சரின் கண்ணுக்குப் பரிசும், பார்வை மங்கியவருக்குத் தண்டனையும் தந்ததே தவிர, படைத்தலைவரின் அறிவைச் சோதிக்கவில்லை. கணிப்பு வேண்டுமென்று நினைக்கும் வடிவமைப்பாளர் ஸ்குவாட் லீடர் செய்ததுபோல் அதை முழு விதியாக்கட்டும்: எப்போது அளக்கக் கூடாது, தவறினால் என்ன இழப்பு என்று எழுதட்டும். பாதி மூடிய கதவாக விடுவதுதான் தவறு.

மூன்றாவது மறுப்பு: தெளிவான விதி பொய்யான விதியாகவும் இருக்கலாமே? இருக்கலாம், இருந்திருக்கிறது. ஜிம் டனிகன் வடிவமைத்து 1970இல் வந்த ‘பான்சர்பிளிட்ஸ்’ ஆட்டத்தில், காட்டுக்குள் இருக்கும் படையைச் சுட வேண்டுமானால் நம் படை ஒன்று அதை ஒட்டிய கட்டத்தில் இருக்க வேண்டும். எதிரி நகரும்போதே இடைமறித்துச் சுடும் உரிமை அதில் இல்லை. இரண்டும் தெளிவான விதிகள். சேர்த்து ஆடினால், டாங்கிகள் ஒரு தோப்பிலிருந்து திறந்த வெளியைக் கடந்து அடுத்த தோப்புக்குள் ஒரே சுற்றில் போய் மறைந்துவிடும். வழியில் எத்தனை பீரங்கிகள் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரு குண்டும் விழாது. ஆட்டக்காரர்கள் இதற்குப் பான்சர்புஷ் என்றே பெயர் வைத்தார்கள். 1974இல் வந்த தொடர்ச்சியான ‘பான்சர் லீடர்’ இடைமறித்துச் சுடும் உரிமையைச் சேர்த்தது. இந்த வரலாறு எனக்குச் சாதகமாகவே பேசுகிறது. விதி ஐயத்துக்கு இடமின்றி இருந்ததால்தான் அதன் குறை பளிச்சென்று தெரிந்தது, பெயர் பெற்றது, திருத்தப்பட்டது. குழப்பமான விதியை ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு விதமாக ஆடும். அதில் தவறு எங்கே என்று யாரும் விரல் வைக்க முடியாது.

கடைசி மறுப்பு மிகப் பழையது, மிக மரியாதைக்குரியதும்கூட. 1876இல் பிரஷ்யத் தளபதி யூலியுஸ் ஃபான் வெர்டி, அட்டவணைகளும் பகடையும் போர் விளையாட்டை மூச்சுத்திணற வைக்கின்றன, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்ற வழியை முன்வைத்தார். இன்றும் வரைபடமே இல்லாமல், கதைசொல்லியாக இருக்கும் டன்ஜன் மாஸ்டரின் வார்த்தையை நம்பி ஆடும் குழுக்கள் அந்த வழியின் வாரிசுகள். விதி பெருகினால் ஆட்டம் வழக்காடுமன்றமாகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் வெர்டியின் வழி நிற்பது நடுவரின் தோளில்: அவர் மூன்றாமவர், மற்றவர்களைவிட அனுபவசாலி, தோற்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அந்த மூன்றும் இருக்கும் மேசையில் நானும் வெர்டியின் கட்சிதான். அங்கும் ஒரு கடமை மிஞ்சுகிறது: உனக்கு அவன் தெரிகிறான், ஆனால் நடுவே தூண் பாதி மறைக்கிறது என்று டன்ஜன் மாஸ்டர் பகடை உருளும் முன்பே சொல்லிவிட வேண்டும். உருண்டபின் சொன்னால் அது தீர்ப்பல்ல, தலையீடு. மற்றபடி, தெளிவுக்கும் நீளத்துக்கும் தொடர்பில்லை. ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து 2004இல் வந்த ‘மெமுவார் 44’ ஆட்டத்தில் பார்வைக் கோடு கட்டத்தின் மையத்திலிருந்து மையத்துக்கு. இடையில் உள்ள கட்டத்தில் காடோ ஊரோ குன்றோ படையோ இருந்தால் மறைப்பு. கோடு சரியாக இரண்டு கட்டங்களின் எல்லையிலேயே ஓடினால்? இருபுறமும் தடை இருந்தால்தான் மறைப்பு, ஒருபுறம் மட்டும் என்றால் இல்லை. பீரங்கிக்குப் பார்வை வேண்டியதில்லை. சில வரிகளில் முடிந்துவிட்டது. சண்டை பிறக்கும் இடம் எப்போதும் விளிம்புதான் என்று அறிந்த ஒருவர், விளிம்புக்கென்று ஒரு வாக்கியத்தை ஒதுக்கியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ மாலைப்பொழுதுகளைக் காப்பாற்றியிருக்கும்.

இவ்வளவும் வெறும் விளையாட்டுக்குத்தானே என்று கேட்கலாம். விளையாட்டுக்குத்தான், அதனால்தான் முக்கியம். நீதிபதியும் காவலரும் இல்லாத ஓர் இடத்தில், ஜெயிக்க விரும்பும் இருவர், தாங்களே ஏற்றுக்கொண்ட சொற்களை மட்டும் நம்பி ஒரு தீர்ப்புக்கு வருகிறார்கள். தனக்கு எதிரான விடையையும் தானே அளந்து, தானே உரக்கச் சொல்லும் பழக்கம் அங்கே உருவாகிறது. இதற்கு ஆட்டக்காரரின் நல்ல மனம் மட்டும் போதாது. நல்ல மனம் உள்ளவர்கூட, தனக்குச் சாதகமான கோணத்தைத்தான் முதலில் பார்ப்பார். மனிதக் கண் அப்படி. அந்தக் கண்ணுக்குத் துணையாக நிற்கும் விதியை எழுதித் தருவது வடிவமைப்பாளரின் பொறுப்பு.

ஆகவே விதிநூல் எழுதுவோரிடமும், வீட்டு விதிகளோடு ஆடும் குழுக்களிடமும் ஒரு வேண்டுகோள். நான்கு கேள்விகளுக்கு முதல் ஆட்டம் தொடங்கும் முன் விடை எழுதிவிடுங்கள். எங்கிருந்து எங்கே அளப்பது: மையத்திலிருந்தா, அடித்தட்டின் விளிம்பிலிருந்தா, கட்டத்தின் மூலையிலிருந்தா? எது முழுதாக மறைக்கும், எது பாதி மறைக்கும், எது மறைக்கவே மறைக்காது? கோடு விளிம்பைத் தொட்டால், தூரம் சரியாக எல்லையில் நின்றால் யார் பக்கம்? எப்போது அளக்கலாம், யார் அளக்கலாம்? விடைகள் உண்மைப் போருக்கு ஒத்துவராமல் போனாலும் பரவாயில்லை. இருவருக்கும் ஒரே விடையாக இருக்கட்டும், பகடை உருளும் முன்பே தெரிந்த விடையாக இருக்கட்டும். குன்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஆட்டக்காரர் தவிக்கலாம். தன் விதி என்ன சொல்கிறது என்று அவர் தவிக்கக் கூடாது.